சுண்டு விரல் சதையளவு

திண்டுக்கல்லுல பூட்டுக்காரத் தெருன்னு ஒரு தெரு. அந்தத் தெருவுல ஒரு சனிக்கெழம சாயங்காலத்துல இருந்து எதையுமே முழுசாச் சாத்த முடியாமப் போச்சு. கதவச் சாத்துனா ஒரு சுண்டு விரல் சதையளவு இடுக்கு நிக்கும், பீரோவச் சாத்துனா நிக்கும், தூக்குவாளி, குக்கரு, டிபன் டப்பா, பொட்டுச்சிமிழு, எதை மூடுனாலும் அளவெடுத்து வச்ச மாதிரி அதே இடுக்கு, தூங்குறவங்க கண்ணுலகூட அதே இடுக்கு, தெருவே மீனு மாதிரி முழிச்சுக்கிட்டுத் தூங்குச்சு. கடசி வீடு தவிர நாப்பத்திரெண்டு வீடும் பூட்டு செஞ்சு பொழைக்கிற வீடு, ஊரு ஒலகத்துக் கதவையெல்லாம் பூட்டிக் குடுத்தவங்க, அவங்க வீட்டுக் கதவு மட்டும் ஈன்னு பல்லக் காட்டிக்கிட்டு நின்னுச்சு.

மொத ஒம்போது நாளு ஒருத்தரும் மூச்சு விடல. ஏன்னா ஒவ்வொருத்தரும் அது தன் வேலையில வந்த கோளாறுன்னுதான் நெனச்சாங்க. பூட்டுக்காரன் வீட்டுக் கதவே பூட்டலன்னு வெளிய தெரிஞ்சா மானம் போச்சேன்னு, அவங்கவங்க அரத்த எடுத்துக்கிட்டு, அடுத்த வீட்டுக்குத் தெரியாம, தாப்பாள ராவ ஆரம்பிச்சாங்க. இந்த வீட்டுல கிர்ரு கிர்ரு, அந்த வீட்டுல கிர்ரு கிர்ரு, சத்தம் பூராவும் இடுக்கு வழியா எல்லாருக்கும் கேக்குது, கேட்டவங்கெல்லாம் "பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஆர்டரு குமியுது போல, நமக்குத்தான் ஒண்ணையுங் காணோம்"னு வயிறு எரிஞ்சுக்கிட்டே தன் தாப்பாள ராவிக்கிட்டிருந்தாங்க. எதிர்வீட்டுச் சவடமுத்து இன்னும் ஒரு படி மேல போயி நிலையையும் செதுக்குனாரு, கதவையும் செதுக்குனாரு, கடசில தூளு ஒரு சாக்கு வந்துச்சு, கதவு அரைச் சாக்குதான் மிச்சம்.

பத்தாம் நாளு எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சு போச்சு, அப்புறம் வெக்கமும் போச்சு, வெக்கம் போன பெறகு பழக்கம் வந்துருச்சு. குக்கரு விசில் அடிக்காததால சோறு நறுக்கு நறுக்குன்னு வெந்துச்சு, ஒரு மாசத்துல "கொழஞ்ச சோத்த எப்படித்தான் தின்னாங்களோ"ன்னு பேச ஆரம்பிச்சாங்க. புருசன் பொண்டாட்டி சண்டையில இடுக்கு வழியா அடுத்த வீட்டுக்காரங்களும் கலந்துக்கிட்டாங்க. இவரு "நேத்து நான் அப்படிச் சொன்னனா?"ன்னு கேட்டா, செவுத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து "சொன்னீங்கண்ணே, ஏழே காலு இருக்கும்"னு பதிலு வரும். பூனைங்க கதவத் தட்டுறத மறந்துருச்சுங்க. திருட்டுப்பய ஒருத்தன் வந்து எட்டிப் பாத்துட்டு, பூட்டுக்காரத் தெருவுலயே பூட்டல, இதுல ஏதோ சூச்சமம் இருக்குன்னு பயந்து போயிட்டான்.

காரணம் தெரிஞ்ச ஆளு தெருவுல ஒருத்தருதான். கடசி வீட்டு அருளப்பன்.

அருளப்பன் பூட்டு செய்யல, சீட்டு வித்த காட்டுறவரு. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா, எங்க கூப்புட்டாலும் ஒரு சீட்டுக்கட்டோட போயி நிப்பாரு. மத்த வித்தக்காரங்கெல்லாம் நோட்டீசுல பேருக்கு முன்னாடி புரொபசருன்னு போட்டுக்குவாங்க, இவரும் ஒரு தடவ போட்டாரு, அவரு சம்சாரம் லூர்து அதப் படிச்சுட்டு, "எட்டாப்புல செவரேறிக் குதிச்சு ஓடியாந்தவரு எந்தக் காலேசுல புரொபசரு?"ன்னு ரெண்டு நாளு சிரிச்சா, அதோட எடுத்துட்டாரு.

சீட்டுக்காரங்க ஒரு வேல செய்வாங்க. நீங்க உருவிப் பாத்த சீட்டத் திரும்பக் கட்டுல வைக்கச் சொல்லி, கட்ட மூடுற நொடில இடது கை சுண்டு விரல் நுனிச் சதைய உள்ள விட்டு மயிரிழை இடுக்கு ஒண்ண நிப்பாட்டிக்குவாங்க. முன்னாடி இருந்து பாத்தா கட்டு செங்கல்லு மாதிரி மூடியிருக்கும், பின்னாடி உங்க சீட்டு இருக்கிற எடம் அவங்க விரல்ல இருக்கும். அதுக்குப் பேரு பிரேக்கு. புடிச்ச ஆளு விடுற வரைக்கும் அந்த எடம் மூடாது.

அந்தச் சனிக்கெழம ஒரு காதுகுத்து வீட்டுல தாய்மாமன் ஒருத்தரு சீட்ட உருவிப் பாத்து வச்சாரு, அருளப்பன் சுண்டு விரல உள்ள விட்டாரு, அதே நொடில பையில போனு அடிச்சுச்சு. சவடமுத்து.

"ஏப்பா அருளு, லூர்து கொழாயடில விழுந்துருச்சுப்பா. பேச்சு மூச்சில்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டோம், வா."

கட்டும் கையுமா ஆட்டோவுல ஏறுனாரு. தாய்மாமன் பின்னாடியே ஓடியாந்து, "யோவ், என் சீட்டு என்னய்யா ஆச்சு? சொல்லிட்டுப் போய்யா!"ன்னு கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு, அருளப்பனுக்குக் கேக்கல.

ஆஸ்பத்திரில லூர்தோட கண்ணு கொஞ்சங் கொஞ்சமா மூடிக்கிட்டே வந்துச்சு. நர்சம்மா காயிதத்த நீட்டி கையெழுத்துப் போடுங்கன்னுச்சு. பேனாவ வாங்குறப்ப சுண்டு விரல் கொஞ்சம் நழுவுச்சு, லூர்தோட எமை பொத்துன்னு எறங்குச்சு, மிசினு ஊளையிட்டுச்சு, நர்சம்மா "டாக்டரு டாக்டரு"ன்னு ஓடுச்சு. விரலு தானாத் திரும்ப உள்ள போச்சு. எமை ஒரு சதையளவு மேல ஏறி நின்னுச்சு, மிசினு பழையபடி டிங்கு டிங்குன்னுச்சு. அருளப்பனுக்கு யாரும் வெளக்கிச் சொல்லத் தேவையில்லாமப் போச்சு. விரல எடுத்தா அவ மூடிருவா, எடுக்காட்டி மூட மாட்டா. அவரு எடுக்கல.

ஒரு நாளு எடுக்கல, ஒரு மாசம் எடுக்கல, ஏழு மாசம் எடுக்கல. கட்டுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டிக் குளிச்சாரு, ஒத்தக் கையில சாப்புட்டாரு, கட்ட நெஞ்சுல வச்சுத் தூங்குனாரு. மூணாம் நாளு சுண்டு விரலு மரத்துப் போச்சு, ஒரு மாசத்துல மணிக்கட்டு, அப்புறம் முழங்கை, அப்புறம் அந்த மரப்பு எது வரைக்கும் போச்சுன்னு அவருக்கே தெரியல. காப்பி சூடு தெரியல, பசி தெரியல, ஊக்க எடுத்துக் குத்திப் பாத்தாரு, குத்துனதும் தெரியல. தெனமும் ஆஸ்பத்திரிக்குப் போவாரு, கட்டிலு காலடில நின்னு லூர்தோட எமைய மட்டும் பாப்பாரு, டாக்டரு "மாத்தம் ஒண்ணும் இல்லீங்க"ன்னு சொன்னதும் சரின்னு தலையாட்டிட்டு வீட்டுக்கு வந்துருவாரு. தெருவுல நாலு பொம்பளைங்க கூடி, "மனுசன் ஒரு சொட்டுக் கண்ணீரு விடலயேடி"ன்னு பேசுனது இடுக்கு வழியா நல்லாவே கேட்டுச்சு. அதுவும் எங்கயும் குத்தல.

கண்டுபுடிச்சது சவடமுத்துதான். பூட்டுக்காரரு பாருங்க, சும்மா இருப்பாரா, எல்லா வீட்டுக் கதவு இடுக்கையும் அளவுக்கருவி வச்சு அளந்து பாத்தாரு. நாப்பத்திரெண்டு வீட்டுலயும் மூணே முக்கா மில்லி. ஒரு நாளு அருளப்பன் பக்கத்துல உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டே, பேச்சோட பேச்சா, கையில இருந்த கட்டுலயும் கருவிய வச்சாரு. மூணே முக்கா மில்லி.

"அருளு," ன்னாரு, "என் கதவ நான் பாதியாச் செதுக்கிட்டண்டா. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?"

"எடுத்தா அவ போயிருவாண்ணே."

சவடமுத்து பீடிய அணைச்சாரு. ரொம்ப நேரம் கருவியத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டிருந்தாரு, அதுவும் முழுசா மூடல. "சரி, எடுக்க வேணாம்"னாரு. "ஆனா விரலு இல்லாம அந்த எடத்த நிப்பாட்ட வேற வழி இருக்கும்ல? ஒரு கதவ நிப்பாட்ட எத்தன வழி இருக்கு. ஒங்க ஆளுகளக் கூப்புடு."

மேஜிக்காரங்க சங்கத்துல இருந்து தலைவரு வந்தாரு, புரொபசர் டைமண்ட் தங்கவேலு. மே மாச வெயில்ல ஜிகினா கோட்டு. வந்ததும் கைய விரிச்சு, "லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன், அன்பார்ந்த பூட்டுப் பெருமக்களே, கவலய விடுங்க! பிரேக்கு எதுக்கு? பிரேக்குங்கிறது கத்துக்குட்டி புடிக்கிறது! எடத்தக் குறிக்க நம்ம கிட்ட ஏழு மார்க்கம் இருக்கு!"ன்னாரு. பெருமக்கள் கைதட்டுனாங்க. லூர்து எப்படி இருக்குன்னு அவரு கேக்கல. கேக்கத் தெரியலன்னுதான் சொல்லணும்.

மொத மார்க்கம், மூலை மடிப்பு. இடுக்குக்குக் கீழ இருக்கிற சீட்டோட மூலையச் சன்னமா மடக்கி விட்டா, கட்டு தானா அந்த எடத்துல வாயத் தொறந்து நிக்கும், விரல எடுத்துரலாம். மடக்குனாங்க, விரல எடுத்தாங்க, தெரு பூரா கதவு டமால் டமால்னு சாத்துச்சு, சனங்க வெசிலடிச்சாங்க. திரும்பிப் பாத்தா தெருமொனையே மடங்கி ஒரு ஆளு ஒசரம் மேல தூக்கிக்கிட்டு நிக்குது, மூலக்கடை வாழப்பழத் தாரெல்லாம் சரிஞ்சு உருளுது, டவுன் பஸ் திரும்ப முடியாம டிரைவரு எறங்கி நின்னு தலையச் சொறியுறாரு. ஆஸ்பத்திரில லூர்தோட ஒதட்டு மூலை ஒரு பக்கமா மேல ஏறி, "நல்லாருக்குய்யா ஒங்க வித்த"ன்னு நக்கலடிக்கிற மாதிரி இருந்துச்சாம். ஆனா சீட்டு மடிப்புக்கு எத்தன நேரம் உசுரு? கட்டோட கனத்துல மூலை நிமிர நிமிர எமை எறங்குச்சு, நர்சம்மா போன்ல கத்துச்சு, அருளப்பன் பாஞ்சு விரல விட்டாரு, எல்லாக் கதவும் திரும்ப ஈன்னுச்சு.

ரெண்டாவது, சீட்டுத் தள்ளல். ஒரு சீட்ட மட்டும் கட்டுல இருந்து அரைவெரக்கட வெளிய நீட்டி வைக்கிறது. வச்சாங்க. வரிசையா நின்ன வீட்டுல சவடமுத்து வீடு மட்டும் நாலடி முன்னாடி தெருவுக்குள்ள வந்து நின்னுச்சு. அவரு சம்சாரத்துக்கு வாயெல்லாம் பல்லு, "மெயின் ரோட்டப் பாத்த வீடு மாதிரி ஆயிருச்சுல்ல!" பால்காரரு வண்டி மோதி, பாலு பூராவும் அவங்க வாசல்ல ஊத்துச்சு, அதுக்கும் சிரிச்சுச்சு அந்தம்மா. ஆஸ்பத்திரில லூர்து கட்டிலும் வரிசைய விட்டு வெளிய வந்து நின்னுச்சு. தொடப்பக்கார அக்கா வந்து, "எவடி இந்தக் கட்டில இழுத்துப் போட்டவ?"ன்னு இடுப்பால ஒரு இடி இடிச்சுச்சு. இங்க கட்டுல நீட்டியிருந்த சீட்டும் உள்ள போச்சு. மிசினு ஊளையிட்டுச்சு. அருளப்பன் திரும்பவும் விரல விட்டாரு.

மூணாவது மார்க்கம் தங்கவேலு சொன்னதுல பூட்டுக்காரங்க துள்ளிக் குதிச்சாங்க. சீட்டோட ஓரத்த ஒரு நூலளவு ராவிட்டா அது மத்த சீட்டவிடக் கட்டையா இருக்கும், எப்பக் கட்டப் பெரட்டுனாலும் அந்த எடம் விரலுக்குத் தட்டும். ராவுறதா? நாப்பத்திரெண்டு அரம் வந்துச்சு. "நான் ராவுறேன், எனக்குத்தான் கை சன்னம்", "போடா, நீ ராவுன சாவி எந்தப் பூட்டத் தொறந்துச்சு"ன்னு ஒரே தள்ளுமுள்ளு. கடசில சவடமுத்து மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தாரு. அருளப்பன் போனப் போட்டு நர்சம்மாவக் கேட்டாரு. நர்சம்மா போயிப் பாத்துட்டு வந்து, "என்னன்னு தெரியலண்ணே, அக்காவோட காலு கட்டில்ல எட்டுற எடத்துல இருந்து ஒரு நூலு மேல ஏறியிருக்கு"ன்னுச்சு.

அருளப்பன் கட்டப் புடுங்கிக்கிட்டாரு. "அவளக் கொறைக்க வேணாம்ண்ணே."

தங்கவேலு ஜிகினா கோட்டக் கழட்டி மடியில வச்சுக்கிட்டாரு. உள்ள பனியன் நனைஞ்சு ஒட்டிப் போயிருந்துச்சு. மேடக்கொரலு போயி சாதாரணக் கொரலு வந்துச்சு.

"இன்னொண்ணு இருக்கு அருளப்பா. சொல்லக் கூச்சமா இருக்கு, பச்சப்புள்ளைங்க செய்யுறது. சீட்டோட எடத்தப் புடிக்கவே வேணாம். அதுக்குப் பக்கத்துல இருக்கிற சீட்டு என்னன்னு மட்டும் பாத்து வச்சுக்க. அப்புறம் கட்ட எத்தன தடவ வேணாலும் வெட்டு. பக்கத்துச் சீட்டக் கண்டா, நீ தேடுற சீட்டு எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சுரும்."

"அதுக்குக் கட்ட மூடணும்ல?"

"மூடித்தான் ஆகணும்."

"அப்ப வேணாம்"னு அருளப்பன் எந்திரிச்சுப் போயிட்டாரு.

மறுநாளு மத்தியானம் வழக்கம்போலக் கட்டிலு காலடில நின்னு எமையப் பாத்துக்கிட்டிருந்தாரு. பக்கத்துக் கட்டில்ல இருந்து ஒரு கொரலு, "ஏப்பா சீட்டுக்காரா, கொஞ்சம் தள்ளி நில்லு, காத்து வர மாட்டேங்குது." அந்தக் கொரலு ஏழு மாசமா தெனமும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. அவரு தள்ளியும் நின்னுருக்காரு, ஆனா திரும்பிப் பாத்ததில்ல. அன்னிக்குப் பக்கத்துச் சீட்டு, பக்கத்துச் சீட்டுன்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்ததால திரும்பிட்டாரு. அம்பது வயசிருக்கும், வாயி நெறைய வெத்தல, இடுப்புக்குக் கீழ மாவுக்கட்டு.

"நீங்க யாருக்கா?"

"கேட்டாருய்யா கேள்வி! ஏழு மாசமா என் மூஞ்சிக்கு நேரா முதுகக் காட்டிக்கிட்டு நின்னுட்டு, யாருன்னு கேக்குறாரு! மூக்கம்மா. வெங்காயப் பேட்டையில மூட்ட பிரிக்கிறவ. லாரில இருந்து விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சு போச்சு, எலும்பு வார்டுல எடமில்லன்னு இங்கன தள்ளிவிட்டாங்க. ஒன்ற மாசத்துல கூடிருமாம். கூடுதா? டாக்டரு படத்தக் காட்டி, 'ஒரு சுண்டு விரலு நொழையிற சந்தும்மா, மூடவே மாட்டேங்குது'ங்குறாரு. எனக்கு மட்டுமா, அந்தா பாரு அந்தப் புள்ளய, வயித்துத் தையலு சேரல, கைப்புள்ளயத் தூக்க முடியாம மாமியாகிட்டக் குடுத்து விட்டுருக்கு. இந்த வார்டுல பதினோரு பேரு, ஒருத்திக்கும் ஒண்ணும் மூடல. வார்டுக்குத்தான் தோசம்னு எலுமிச்சம்பழம் வச்சாங்க."

அருளப்பன் கட்டிலு கட்டிலாப் பாத்தாரு. பதினோரு பேரும் அவரப் பாத்தாங்க. அந்தப் புள்ளயோட ரவிக்கையில பாலு கட்டி நனைஞ்சிருந்துச்சு. அவரு மூக்கம்மா கட்டிலு ஓரத்துல உக்காந்து, கட்ட மடியில வச்சு, நடந்ததெல்லாம் சொன்னாரு. மழ நின்ன பெறகு ஓட்டுல இருந்து தண்ணி சொட்டுற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னாரு.

மூக்கம்மா வெத்தலயத் துப்பிட்டு வாயத் தொடச்சா. "அட கிறுக்குப் பயலே."

"விட்டுரட்டுமாக்கா?"

"அத என்னையக் கேக்காத. என் இடுப்பு கூடணும்னு இன்னொருத்திய மூடச் சொல்ல எனக்கு வாயி வராது. நீ என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்னு மட்டும் சொல்றேன். கண்ணயே பாக்குற. அவ கண்ணுல ஒண்ணும் இல்ல. காலப் பாரு."

"காலா?"

"தெனமும் நான் பேச்சுத் தொணைக்கு என் மருமகள வைவேன் இவகிட்ட. நல்லா நாறலா வைவேன். அப்ப வலது காலு பெருவெரலு ஆடும். பாரு இப்ப." மூக்கம்மா லூர்து பக்கம் திரும்பி, "ஏ லூர்து, கேட்டியாடி, எங்க வீட்டு மகராசி, அந்தச் சில்லுண்டி, நேத்து ரசம் வச்சுருக்கா பாரு, எரும மாடு குளிச்ச தண்ணி தேவல, அதுல ரெண்டு கருவப்பில, அதுவும் எரும கழிச்சுப் போட்டது மாதிரி..."ன்னு இழுத்தா.

லூர்தோட பெருவெரலு ஆடுச்சு. சிரிக்கிறப்ப அவ காலத்தான் மொதல்ல ஆட்டுவா. அருளப்பன் அத ஏழு மாசமாப் பாக்கல.

அவரு ரொம்ப நேரம் அந்த வெரலையே பாத்தாரு. அப்புறம் மூக்கம்மாவப் பாத்தாரு. மூக்கு ரெண்டு பக்கமும் குத்தியிருந்துச்சு, வலது பக்கம் மட்டும் மூக்குத்தி இருந்துச்சு. தாடையில எண்ணெ தெறிச்ச தழும்பு, மேல்வரிசையில ஒரு பல்லு இல்ல, வெங்காயத் தோலு ஒட்டி ஒட்டிச் செவந்து போன நகம்.

"என்னய்யா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி மொறைக்கிற?"

"பாத்து வச்சுக்கிறேன்க்கா."

"பாத்துக்க. நான் வெங்காயப் பேட்டையிலதான் கெடப்பேன், எங்கயும் போயிர மாட்டேன். இவ என்னென்னத்துக்கு வெரல ஆட்டுனான்னு எனக்குத் தெரியும். எப்ப வேணாலும் வந்து கேளு." அப்புறம் கொஞ்சம் மெதுவா, "நான் அவ கையப் புடிச்சுக்கிறேன். நீ அந்தக் கையப் புடி. நான் வைய ஆரம்பிச்ச பெறகு எடு, சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்"னா.

மூக்கம்மா வஞ்சா. தலைமொற தலைமொறையா வஞ்சா, மருமகளோட அப்பன இழுத்தா, அவங்க ஊரு கெணத்த இழுத்தா, அந்தப் பதினோரு பேருல ரெண்டு மூணு பேரு தையல அமுத்திப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பெருவெரலு ஆடிக்கிட்டே இருந்துச்சு. அருளப்பன் சுண்டு விரல எடுத்தாரு. கட்டு மூடுனதுல ஒரு சத்தமும் இல்ல. எமை எறங்குச்சு. அதுக்கப்புறமும் அந்த வெரலு கொஞ்ச நேரம் ஆடி, நின்னுச்சு.

நர்சம்மா வந்து மிசின அணைச்சப்ப அவரு போனு அடிச்சுச்சு. சவடமுத்து, தொண்ட கிழிய.

"அருளு! டேய் அருளு! சாத்திருச்சுடா! எல்லாம் சாத்திருச்சு! கேக்குதா? எல்லாப் பயலும் பூட்டிப் பூட்டித் தொறக்குறானுங்க, கேளு!" போன வெளிய நீட்டுனாரு போல. டக்கு, டக்கு, டக்குன்னு தெரு பூராப் பூட்டு விழுகுற சத்தம். எங்கயோ ஒரு குக்கரு விசிலடிச்சுச்சு, அதுக்கு ஒரு கூட்டம் ஓன்னு கத்துச்சு. "ஒன் வீட்டுக் கதவையும் நானே இழுத்துப் பூட்டிட்டேன். அமுக்குனா விழுகுற பூட்டுல்ல, ஒரே டக்கு! சாவி ஒங்கிட்டதான இருக்கு?"

"இல்லண்ணே."

"இல்லயா? அப்ப யாருகிட்ட இருக்கு? எப்படிடா உள்ள போவ?"

"லூர்து போயிட்டாண்ணே."

சவடமுத்து போனக் கையால பொத்திக்கிட்டு, "டேய் நிறுத்துங்கடா! டேய்!"னு கத்துனது கேட்டுச்சு, ஆனா ஏழு மாசம் பூட்டாம இருந்த சனம், யாரு காதுல விழும், டக்கு டக்குன்னு பூட்டிக்கிட்டே இருந்தாங்க. அருளப்பன் போன வைக்கல. இடது கை சுண்டு விரல் நுனில ஒரு எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னுச்சு. அப்புறம் ரெண்டு எறும்பு. அப்புறம் கை பூராவும்.

"அக்கா"ன்னாரு, "வலிக்குதுக்கா."

மூக்கம்மா ஒரு கையில லூர்தப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கைய நீட்டுனா.